ஆறுக்கு அப்புறம் எட்டு

குட்டிகளா, ஆறுக்கு அப்புறம் என்ன எண் வரும்?

ஏழு! டக்கென்று சொல்லிவிட்டீர்கள். அந்த ஏழைச் சொல்ல வாய் வராமல் ஒரு நாடே நின்ற கதை இது. இருட்டில் நடந்ததோ என்று பயப்படாதீர்கள். எல்லாம் பட்டப்பகலில் நடந்ததுதான். ஆனால் உச்சி வெயிலில், நம் நிழல் நம் காலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளுமே, அந்த நேரத்துப் பயம் வேறு மாதிரி.

மலைகளெல்லாம் இன்னும் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் வேலங்காட்டு நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதன் ராசா மருதவேலன். தங்கமான மனுஷர். ஒரே ஒரு குறை, 'இல்லை' என்று சொன்னால் கௌரவம் போய்விடும் என்று நினைப்பார். அறுப்புக் காலத்தில் களத்துமேட்டில் நின்றுகொண்டு, "கேளுங்க, கேட்டது கிடைக்கும்!" என்று மீசையை முறுக்குவார்.

அந்த வருஷமும் களத்தில் நெல் அளந்துகொண்டிருந்தார்கள். "லாபம்... ரெண்டு... மூணு..." அங்கே நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும், "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்றது. அளக்கிறவர் கை அப்படியே நின்றுவிட்டது.

திரும்பிப் பார்த்தால், கொக்குக் கால் மாதிரி நீண்ட கால். ஒட்டிய வயிறு. உச்சி வெயிலிலும் வேர்க்காத முகம். கால்களுக்கடியில் துளி நிழல்கூட இல்லை.

"என்னப்பா வேணும்? நெல்லா?" என்றார் ராசா.

"நெல் வேணாம் ராசா. ஒரு எண் வேணும்."

"எண்ணா?"

"ஏழு. அதுக்கு எடை இல்லை, வண்டி வேணாம், மூட்டை கட்ட வேணாம். குடுத்தேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

ராசாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இதெல்லாம் ஒரு பிச்சையாய்யா? குடுத்தேன், எடுத்துக்கோ!"

கொக்குக்காலன் வாயைத் திறந்து மூச்சை உள்ளே இழுத்தான். களத்தில் நின்ற எல்லார் நாக்கிலிருந்தும் நூல் மாதிரி ஏதோ ஒன்று உருவிக்கொண்டு போனது. கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். அளக்கிறவர் விட்ட இடத்தில் தொடங்கினார். "நாலு... அஞ்சு... ஆறு... எட்டு."

யாருக்கும் தப்பாகப் படவில்லை. ஆறுக்கு அப்புறம் எட்டு. நடுவில் இருந்ததைக் கை தாண்டியது, கண் தாண்டியது. உச்சிவேளை வந்ததும், அப்படித் தாண்டிவிட்டதெல்லாம் தானாகக் கிளம்பியது. ஆடு நடந்தது. கோழி நடந்தது. மூட்டைக்கு ஏது கால்? அது தரையில் தேய்ந்து தேய்ந்து போன சத்தம், 'சரக்... சரக்...' என்று கேட்டது. தெருவில் இருந்தவர்கள் காற்று என்று சொல்லிக்கொண்டார்கள்.

அந்த நாட்டில் ஆடு மேய்க்கும் மாராயிக்குத் தேவானை என்று ஒரு மகள். எண்ணுவதென்றால் அவளுக்குக் கொள்ளை ஆசை. புளியங்கொட்டையை எண்ணுவாள், ஆட்டை எண்ணுவாள், மாமன் வாயில் எத்தனை பல் என்று எண்ணி உதையும் வாங்குவாள்.

"எதை வேணும்னாலும் எண்ணு. பிள்ளைங்களை மட்டும் எண்ணாதடி," என்பாள் மாராயி. "கண்ணு பட்டுரும்."

அந்த ஊரில் யாருமே பிள்ளைகளை எண்ண மாட்டார்கள். தெருப் பிள்ளைகளெல்லாம் சேர்ந்து ஆடு ஓட்டிப் போவார்கள். அவர்களுக்குக் கம்பஞ்சோறு உருண்டை பிடிக்கும்போதுகூட மாராயி பேர் சொல்லித்தான் பிடிப்பாள். "இது பவளத்துக்கு. இது ஒச்சானுக்கு. இது தேவானைக்கு. இது என் நல்லானுக்கு, வெங்காயம் போடாம."

நல்லான் தேவானையின் தம்பி. முன்பல் விழுந்தவன். அக்கா பாவாடையைப் பிடித்துக்கொண்டேதான் எங்கேயும் போவான்.

ஒருநாள் உச்சிவேளையில் மேய்ச்சல் காட்டில் நாவல் பழத்துக்குச் சண்டை வந்தது.

"எனக்குத்தான் முதல்ல!"

"ஆமா, இவரு பெரிய பட்டத்து இளவரசரு!"

"சத்தம் போடாதீங்க! வரிசையா நில்லுங்க, ஆளுக்கு ஒண்ணு தரேன்," என்றாள் தேவானை. பழத்தைக் கொடுக்கும் வேகத்தில் ஆத்தா சொன்னது மறந்துபோனது. விரலை நீட்டினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு..."

அடுத்து நின்றவன் நல்லான். பொக்கை வாயைத் திறந்து சிரித்தபடி கையை நீட்டினான்.

"...எட்டு," என்று அவள் விரல் பவளத்திடம் போய்விட்டது. விரல் நுனி சில்லென்றது. காற்று நின்றது. பாவாடையை யாரோ மெதுவாக விட்ட மாதிரி இருந்தது.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஓர் உருண்டை. சாப்பிட்டு முடித்த பிறகு தூக்குச் சட்டியில் ஓர் உருண்டை கிடந்தது. சின்ன உருண்டை. தேவானை அதை முகர்ந்து பார்த்தாள். வெங்காய வாசனை இல்லை.

"யாரு சாப்பிடலை?"

"எல்லாரும் சாப்பிட்டாச்சே."

"ஆத்தா ஆளுக்கு ஒண்ணுதானே பிடிக்கும். உருண்டை ஒண்ணு கூடுதல்னா..." தேவானை எல்லார் முகத்தையும் சுற்றிப் பார்த்தாள். "ஆளு ஒண்ணு குறைச்சல்."

"போடி பைத்தியம்! எல்லாரும் இங்கதானே இருக்கோம்?" என்று ஒச்சான் சிரித்தான்.

அவள் வீட்டுக்கு ஓடினாள். கொடியில் ஒரு குட்டி வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. வீட்டில் அது யாருக்கும் சேராது.

"ஆத்தா, இன்னைக்கு யார் யாருக்கு உருண்டை பிடிச்சே? பேரைச் சொல்லு."

"பவளத்துக்கு, ஒச்சானுக்கு, உனக்கு, அப்புறம்..." மாராயியின் வாய் திறந்தபடி நின்றது. "அப்புறம் யாரு? ஏன்டி, நெஞ்சு இப்படி அடிச்சுக்குது?"

தேவானை ஆத்தாவையே பார்த்தாள். மாராயி இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, கையை வளைத்து நின்றுகொண்டிருந்தாள். பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கிற மாதிரி. இடுப்பில் யாருமில்லை.

தேவானை அழவில்லை. வாசலில் குனிந்து மண்ணைப் பார்த்தாள். ஒவ்வொரு பட்டியிலிருந்தும் ஓர் ஆட்டின் தடம், ஒவ்வொரு கூண்டிலிருந்தும் ஒரு கோழியின் தடம், எல்லாம் ஒரே பக்கமாகப் போயிருந்தன. காட்டு வழியில் அவற்றோடு ஒரு சின்னப் பாதமும் சேர்ந்தது. அந்தத் தடத்திலேயே நடந்தாள். வற்றிப்போன ஏரி வந்தது. வெடித்த மண்ணுக்கு நடுவில் ஒரு கல்மண்டபம்.

உள்ளே போனாள். ஆடுகள் நின்றன, கத்தவில்லை. கோழிகள் நின்றன, கிளறவில்லை. எல்லாம் சுவரைப் பார்த்து நின்றன, எதற்கும் நிழல் இல்லை. கடைசியில் இரண்டு பிள்ளைகள். ஒன்று தலைமுடியில் நூலாம்படை படிந்த ஒரு சிறுமி. இன்னொன்று ஒரு சின்னப் பையன், இடது கை மட்டும் பாவாடையைப் பிடித்திருப்பது போல் மூடியிருந்தது. அவன் யாரென்று தேவானைக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் கை தானாகத் தன் பாவாடை ஓரத்தைத் தொட்டது.

"அடி குட்டி, யாரைத் தேடறே?" கொக்குக்காலன் தூணோடு தூணாக நின்றிருந்தான்.

"எங்க வீட்டுப் பிள்ளையை ஐயா."

"உங்க வீட்டுப் பிள்ளையா? பேரைச் சொல்லேன்?"

பேர் வரவில்லை. கொக்குக்காலன் சிரித்தான்.

"உங்க ராசா குடுத்தாரு, நான் வாங்கினேன். எந்த எண் என் வயித்துல இருக்கோ, அந்த இடத்துல நிக்கிறதெல்லாம் என்னுது. வேணும்னா அந்த எண்ணைச் சொல்லிக் கூப்பிடு. திரும்பி வந்தா கூட்டிக்கிட்டுப் போ. வராட்டி நீயும் இங்கே நில்லு."

தேவானை வாயைத் திறந்தாள். "ஆறு..." நாக்கு கல்லாகக் கனத்தது. குனிந்து பார்த்தாள். அவளுடைய நிழல் பாதத்தை விட்டு மெல்ல நழுவிக்கொண்டிருந்தது.

பயத்தில் இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்தாள். விரல்கள் கண்ணில் பட்டன. ஒரு கையை முழுசாக விரித்தாள். இன்னொரு கையில் இரண்டு விரலை நீட்டினாள். அட! அந்த எண்ணின் பேரைத்தானே எடுத்துக்கொண்டான், கணக்கை எடுக்கவில்லையே?

"அஞ்சும் ரெண்டும் சேர்ந்த பிள்ளையே, வா!" என்று கத்தினாள்.

சின்னப் பையனின் தலை திரும்பியது.

கொக்குக்காலன் பதறிப்போனான். "ராசா ஒரு தடவை குடுத்தா போதும், மிச்சத்தை நானே எடுத்துக்குவேன்!" என்று வாயைத் திறந்து மூச்சை இழுத்தான். அஞ்சு என்ற எண் அவள் நாக்கிலிருந்து உருவிக்கொண்டு போனது. பையனின் தலை மறுபடி சுவருக்குத் திரும்பியது. தூரத்தில், ஊர்ப் பக்கம், 'சரக்... சரக்...' என்று இன்னும் ஏதேதோ கிளம்பி வரும் சத்தம்.

தேவானை ஒரு கையில் நாலு விரலை நீட்டினாள், இன்னொரு கையில் மூன்று விரலை நீட்டினாள். "நாலும் மூணும் சேர்ந்த பிள்ளையே, வா!"

பையன் ஓர் அடி எடுத்து வைத்தான். கொக்குக்காலன் நாலையும் இழுத்து விழுங்கினான். பையன் கால் பின்னால் போனது. ஊர்ப் பக்கத்துச் சத்தம் நெருங்கியது. கொக்குக்காலனின் வயிறு பானையாக வீங்கி, உள்ளே எண்கள் கடகடவென்று உருண்டன.

தேவானைக்குப் புரிந்துவிட்டது. அவள் ஒவ்வொரு கணக்காகப் போட, இவன் ஒவ்வொரு எண்ணாக விழுங்குவான். நாடு மொத்தமும் நடந்து வந்து இந்தச் சுவரைப் பார்த்து நிற்கும். அவளுடைய நிழல் கால் சுண்டுவிரலில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் சட்டென்று கைகொட்டிச் சிரித்தாள்.

"என்னடி சிரிப்பு?"

"இல்லீங்க ஐயா, உங்களைப் பார்த்தா பாவமா இருக்கு. அதை முழுங்கறீங்க, இதை முழுங்கறீங்க. நீங்க ஆறை முழுங்குங்க, பத்தை முழுங்குங்க, நூறைக்கூட முழுங்குங்க. எனக்கு ஒண்ணு இருந்தா போதும். ஒண்ணு பக்கத்துல ஒண்ணு, அது பக்கத்துல ஒண்ணுன்னு வச்சுக்கிட்டே போனா எந்த எண்ணையும் நான் செஞ்சுருவேன். எல்லா எண்ணும் அதோட பிள்ளைங்கதானே? ஒண்ணை மட்டும் விட்டு வச்சிருக்கீங்களே!"

கொக்குக்காலனின் கண் பளபளத்தது. "அப்போ அதுவும் என்னுதுதான்!"

"ஐயோ, அது மட்டும் வேணாங்க!"

அவன் இருந்த மூச்சையெல்லாம் கூட்டி இழுத்தான். ஒண்ணு என்ற எண் அவன் தொண்டைக்குள் இறங்கியது.

குட்டிகளா, கேளுங்கள். எந்த எண் அவன் வயிற்றில் இருக்கிறதோ, அந்த இடத்தில் நிற்பதெல்லாம் அவன் வயிற்றுக்குச் சொந்தம். அந்த மண்டபத்தில் முதல் ஆளாக நின்றது யார்? எசமான் யார்? அவன்தானே! அவனுடைய கால் விரல்கள் மடங்கி அவன் வாய்க்குள்ளேயே போயின. முட்டி போனது. இடுப்பு போனது. கை இரண்டும் தூணைப் பிடித்துப் பார்த்தன, அதுவும் போனது. கடைசியில் காற்றில் ஒரு வாய் மட்டும் நின்றது. அதுவும் 'லபக்' என்று தன்னையே விழுங்கிக்கொண்டது.

அடுத்த நொடி எண்களெல்லாம் குருவிக் கூட்டமாகப் பறந்தன. ஆடுகள் ஒரே நேரத்தில் கத்தின. கோழிகள் இறக்கையை அடித்தன. எல்லாவற்றுக்கும் நிழல் வந்து ஒட்டிக்கொண்டது.

"நல்லான்!" தேவானை கத்தினாள். பேர் வந்துவிட்டது!

"அக்கா, எனக்கு மட்டும் நாவல் பழம் தரலை," என்று அவன் சிணுங்கினான்.

நெஞ்சில் பேர் திரும்பிய அதே நொடியில் மாராயி தடங்களைப் பார்த்து ஓடத் தொடங்கியிருந்தாள். புழுதி பறக்க ஏரிக்குள் வந்தாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் இடுக்கி, முத்தமும் அடியும் மாறி மாறிக் கொடுத்தாள். பின்னால் ஊரே வந்தது. ராசாவும் மூச்சு வாங்க வந்து, நடந்ததையெல்லாம் கேட்டு, முதல் தடவையாகத் தலை குனிந்தார்.

"என் பெருமைக்காக, என்னுது இல்லாததை எடுத்துக் குடுத்துட்டேன் தாயி," என்றார் தேவானையிடம். தன் முத்துமாலையைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டார். இனி இந்த நாட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருவதற்கென்று ஒரு பெரிய வீடு கட்டப்படும் என்றும், அதற்கு அவளே தலைவி என்றும் அங்கேயே சொன்னார். அந்தந்த ஆடு அந்தந்தப் பட்டிக்குப் போனது.

எல்லாரும் கிளம்பினார்கள். ஒரு பிள்ளை மட்டும் கிளம்பவில்லை. தலையில் நூலாம்படை படிந்த அந்தச் சிறுமி.

"உன் ஊர் எது கண்ணு?" என்று கேட்டாள் தேவானை.

சிறுமி ஓர் ஊர்ப் பேரைச் சொன்னாள். கூட்டத்தில் இருந்த ஒருவருக்கும் அந்தப் பேர் தெரியவில்லை. ராசாவோடு வந்த வயசான மந்திரி மட்டும், அந்த ஊர் இருந்த இடத்தில் இப்போது காடுதான் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். எத்தனை காலம் அந்தச் சுவரைப் பார்த்தே நின்றாளோ!

தேவானை அவள் முடியிலிருந்த நூலாம்படையைத் துடைத்துவிட்டாள். மாராயி இன்னொரு கையை நீட்டினாள். சிறுமி அதைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு தேவானையை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

"அக்கா, எங்களை எண்ணுங்களேன். என்னையும் சேர்த்து."