அண்ணாச்சி மனசில் இருந்த வீடு

கோவில்பட்டியில் சங்கரபாண்டியன் என்று ஒரு தீப்பெட்டி ஆலை முதலாளி. வீடு கட்டப் பிளான் கேட்டு இன்ஜினியர் ஆபீசுக்கு வருவார். என்ன வேண்டும் என்று கேட்டால் மட்டும் வாய் திறக்க மாட்டார். எதை வரைந்து காட்டினாலும், "இது இல்ல" என்பார். ஒருநாள் மேசையைத் தட்டினார்.

"என் மனசுல இருக்கற வீட்டை இப்பவே வரையணும். இல்லைன்னா வேற ஆபீசுக்குப் போயிருவேன்."

இன்ஜினியருக்கு வியர்த்துவிட்டது. புதிதாகச் சேர்ந்திருந்த பிளான் வரைகிற பெண் இசக்கியம்மாள், "நான் வரையுறேன் அண்ணாச்சி" என்று முன்னால் வந்தாள். எடுத்த எடுப்பில் அடுப்படியை ஈசான மூலையில் வைத்தாள்.

"ஏ தாயி! அது சாமி இருக்கற இடம்லா!"

"அப்ப அடுப்பு எங்க அண்ணாச்சி?" என்று பென்சிலை நீட்டினாள். அவரே அக்கினி மூலையில் கட்டம் போட்டார்.

பென்சிலைத் திரும்ப வாங்கி, மாடிப்படியைக் கூடத்துக்கு நடுவே வரைந்தாள்.

"மாடியில வாடகைக்கு வர்றவன் என் சாப்பாட்டுத் தட்டைப் பாத்துக்கிட்டா ஏறுவான்? வெளிய போடு!"

அவர் அம்மாவுக்குக் கடைசி அறையைக் கொடுத்தாள். முதலாளி கொதித்துப்போனார்.

"எங்கம்மா தெருவைப் பாத்துக்கிட்டே படுக்கணும். இங்க, இந்த ஜன்னல் பக்கம்!" என்று பென்சிலைப் பிடுங்கி அழுத்திக் கோடு இழுத்தார்.

இசக்கி தாளைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள். முதலாளி குனிந்து பார்த்தார்.

"இதேதான்! என் மனசுல உள்ளதை எப்படித் தாயி கண்டுபிடிச்ச?"

"ஏச்சு வாங்கித்தான் அண்ணாச்சி."

இன்ஜினியர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். முதலாளி தன் கையைப் பார்த்தார். பென்சில் அவர் விரலிடுக்கில் இருந்தது.