தளபதிக்கு அடங்காத பிரம்புக் கோல்

மருதங்குன்றத்து அரசர் அதிவீரகேசரிக்குப் போர் அலுத்துப்போன வயதில் ஒரு விளையாட்டுப் பிடித்துக்கொண்டது. கப்பலில் வந்த வணிகன் ஒருவன் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனது. கையில் ஒரு நீண்ட கோல், அதன் நுனியில் மரக்கொண்டை. அதை ஓங்கிப் பந்தை அடிக்க வேண்டும். தொலைவில் இருக்கும் குழியில் பந்து போய் விழ வேண்டும். அவ்வளவுதான்.

அரண்மனை என்றால் எதிலும் பதவி பார்க்க வேண்டுமே! கோலிலும் பார்த்தார்கள். கணக்கர்களுக்கு வளைந்து கொடுக்கும் பிரம்புக் கோல். அமைச்சர்களுக்கு மூங்கில். தளபதிக்குத் தேக்கு. அரசருக்கு மட்டும், இரும்பு போல விறைத்து நிற்கும் கருங்காலி.

ஆடுகளத்தின் நடுவே ஒரு குளம். ஒரு வருடமாக அரசரின் பந்து அதைத் தாண்டவே இல்லை. 'தொப்' என்று தண்ணீரில் விழும். அரசர் கோலை ஓங்கினாலே தவளைகள் கரையேறிவிடும்.

ஒருநாள் காலை, வரிசையாக ஐந்து பந்துகள் குளத்துக்குள் போயின. அரசர் கோலை வீசி எறிந்தார்.

"எங்கே அந்த மாடக்கண்ணு ஆசாரி? இந்தக் கோலைச் செய்தவன் அவன்தானே?"

கோல் செய்யும் ஆசாரி ஓடி வந்து நின்றார். தளபதி காளிங்கன் முந்திக்கொண்டான். தினமும் அரசரை ஜெயிப்பவன் அவன் ஒருவன்தான். அந்தச் சுகத்தை விட அவனுக்கு மனமில்லை.

"கோல் போதவில்லை அரசே. இன்னும் கனமாக, இன்னும் விறைப்பாக வேண்டும்."

"கேட்டாயா ஆசாரி? மூன்று நாள் தருகிறேன். என் பந்து குளத்தைத் தாண்ட வேண்டும். இல்லையென்றால் குடும்பத்தோடு நாட்டைவிட்டுக் கிளம்பு."

பின்னால் யாரோ இருமினார்கள். அரசர் திரும்பினார். "என் கை தளர்ந்துவிட்டது என்று எவனாவது சொன்னால், அவனும் கூடவே கிளம்பலாம்!"

அரசவையில் ஆலோசனை சொல்லும் சிற்றம்பலத்துக்கு வாய் சும்மா இருக்காது. "அரசே, மாடக்கண்ணு நல்ல தொழிலாளி..."

"அப்படியா? கோல் தவறினால் நீரும் அவனோடு போம்!"

பேசாமல் இருந்திருக்கலாம் என்று சிற்றம்பலத்துக்கு அப்போதுதான் தோன்றியது.

மாலையில் அவர் பட்டறைக்குப் போனார். ஆசாரி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஆசாரி, கோலில் என்னதான் குறை?"

"கோல்ல குறையே இல்லைங்க ஐயா. அது வேகமான கைக்கு ஆன கோல். நிதானமான கைக்குக் கோல் லேசா இருக்கணும், கொஞ்சம் வளையணும். வளைஞ்சு நிமிரும்போது அதுவே பந்தைத் தள்ளிவிடும். பிரம்பு போட்டா பந்து தானா குளத்தைத் தாண்டும்."

"அப்படியென்றால் போடவேண்டியதுதானே?"

"கணக்கர் பிடிக்கிற கோல் எனக்கு எதுக்குன்னு அரசர் கேட்பாரே! என்ன சொல்லுவேன்? உங்க கை மெதுவாயிடுச்சு சாமின்னா?"

சிற்றம்பலம் அங்கும் இங்கும் நடந்தார். சட்டென்று நின்றார்.

"சரி, அதே பிரம்பை வேகமான கைக்காரன் பிடித்தால்?"

"நுனி தறிகெட்டு ஆடும். பந்து எங்க போகும்னு பந்துக்கே தெரியாது."

"போதும் ஆசாரி. பிரம்பையே போடும்."

மூன்றாம் நாள். கோலைப் பார்த்த அரசரின் முகம் சிவந்தது. "பிரம்பா? எனக்கா?"

"அரசே, இது எல்லோருக்கும் அடங்காது," என்றார் சிற்றம்பலம். "முதலில் தளபதி அடித்துப் பார்க்கட்டும். அவர் பந்து குளத்தைத் தாண்டினால் நாங்கள் இப்படியே எல்லையைப் பார்த்து நடக்கிறோம்."

காளிங்கன் சிரித்துக்கொண்டே கோலை வாங்கினான். மின்னல் வேகத்தில் விளாசினான். பந்து பக்கவாட்டில் பறந்து யானைக் கொட்டிலுக்குள் போனது. உள்ளே ஒரு யானை பிளிறியது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாக அடித்தான். இந்த முறை இரண்டு யானைகள் பிளிறின.

அரசருக்கு ஆவல் தாங்கவில்லை. "கொண்டா இங்கே!"

தம் வழக்கமான நிதானத்தில் ஓங்கினார். கோல் வளைந்தது, நிமிர்ந்தது. ஆசாரி கண்ணை மூடிக்கொண்டார். பந்து எழும்பி, குளத்துக்கு மேலே மிதந்து, அக்கரைப் புல்லில் போய் விழுந்தது.

"தாண்டிவிட்டது! பார்த்தீர்களா? தாண்டிவிட்டது!" அரசர் குழந்தைபோலக் குதித்தார்.

"இது ஏமாற்று வேலை அரசே!" என்று கத்தினான் காளிங்கன்.

சிற்றம்பலம் பணிவாகக் கேட்டார். "தளபதி அவர்களே, உங்களுக்கு அடங்காத கோல் அரசருக்கு மட்டும் எப்படி அடங்கியது? காரணம் தெரிந்தால் சொல்லுங்களேன்."

"ஏனென்றால், அரசரின் கை..." காளிங்கனின் வாய் திறந்தபடியே நின்றது.

"என் கைக்கு என்ன?" என்றார் அரசர்.

காளிங்கனுக்கு வியர்த்துக் கொட்டியது. "அரசரின் கை... ராஜ கை அரசே! ராஜ கை!"

"அப்படிச் சொல்! இன்றுமுதல் பிரம்புக் கோல் அரசருக்கு மட்டும். ஆசாரிக்கு நூறு பொன் கொடுங்கள். அந்தக் கருங்காலியைத் தளபதியிடம் தள்ளுங்கள்."

பிறகு பந்தை எடுக்கக் குளக்கரையோடு நடந்தபோது, அரசர் சிற்றம்பலத்தை மட்டும் கூட அழைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"உண்மையைச் சொல்லும். என் கை மெதுவாகிவிட்டதா?"

"அதைச் சொல்ல எனக்கு ஒரு குதிரை வேண்டும் அரசே."

"குதிரை எதற்கு?"

"பதில் சொன்ன கையோடு எல்லையைத் தாண்ட வேண்டாமா?"

"சரி, தந்தேன். லாயத்தில் எது வேண்டும்? வெள்ளைப் புரவியா?"

"அதெல்லாம் வேண்டாம் அரசே. ஒரு கிழட்டுக் குதிரை போதும். துரத்தி வரப்போவது தாங்கள்தானே!"

அரசர் ஒரு கணம் முறைத்தார். அடுத்த கணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லிலேயே உட்கார்ந்து சிரித்தார். வெள்ளைப் புரவி அன்றைக்கே சிற்றம்பலத்தின் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது.