அரசர் எழ முடியாத பந்தி

முன்னொரு காலத்தில், படைமுரசு ஒலிப்பதற்குச் சற்று முன்பு, அரசவை விகடன் விடங்கனின் வீட்டுக் கொல்லையில் அவன் தம்பி கூத்தன் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தான். முழங்கை வரை எண்ணெய் தடவியிருந்தான். கூத்தனின் மனைவி பூவாய் எதிரே முறத்தோடு உட்கார்ந்து, பாதிச் சுளை அறுக்கிறவர் வாய்க்கே போகிறது என்று குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

முரசு தெருமுனைக்கு வந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் உடனே கிளம்ப வேண்டும் என்றான் முரசறைபவன். விடங்கன் அரசவை ஊழியன். அதனால் அந்த முறை கூத்தன்தான் போக வேண்டியிருந்தது.

"கையைக் கழுவிட்டுப் போடா. வேலைப் பிடிச்சா வழுக்கும்" என்றான் விடங்கன்.

"வழுக்கட்டும்ண்ணே. யாரையும் குத்தாம வந்துடலாம்" என்று சொல்லி, எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்தபடியே கூத்தன் போனான்.

அந்தப் போர் ஒரு குன்றுக்காக நடந்தது. ஆற்றுக்கு அக்கரையில், பக்கத்து நாட்டு எல்லையில் இருந்தது அது. ஆடுகூட ஏறாத மொட்டைப் பாறை. ஒருநாள் வேட்டைக்குப் போன அரசர் வில்லவராயர், "அதன் உச்சியில் நம் கொடி பறந்தால் அரண்மனை மாடத்திலிருந்து பார்க்க அழகாக இருக்கும்" என்றார். சேனாதிபதி மழவராயர் அன்றே படைக்கு ஆள் சேர்த்தார்.

மூன்று மாதம் போர் நடந்தது. எண்ணூறு பேர் போனார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் திரும்பி வந்தார்கள். குன்று கிடைத்தது. கூத்தன் வரவில்லை.

அரசர் கொடியைப் பத்து நாள் மாடத்திலிருந்து பார்த்தார். பதினோராம் நாள் சலித்துவிட்டது. அவையைக் கூட்டினார்.

"வெற்றிக்கு ஒரு விருந்து வேண்டும். விருந்து முடிந்த கையோடு அடுத்த படையெடுப்புக்குச் சேனாதிபதியிடம் தாம்பூலம் கொடுப்பேன். மேற்கே ஒரு கோட்டை இருக்கிறதாம்."

அந்த நாட்டில் அதுதான் முறை. அரசர் உண்டு, கை கழுவி, தம் கையால் வெற்றிலை மடித்துக் கொடுப்பார். அதை வாங்கி மென்றவர் படை நடத்த வேண்டும். அரசர் கொடுத்த தாம்பூலத்தைத் திருப்ப முடியாது.

மழவராயர் எழுந்து வணங்கினார். அரசரைச் சிரிக்க வைத்தே அருகில் இடம் பிடித்த விடங்கனைக் கண்டால் அவருக்கு ஆகாது.

"மன்னா, விருந்துப் பொறுப்பை விடங்கனிடம் கொடுங்கள். வேல் பிடிக்காதவன் அகப்பையாவது பிடிக்கட்டும். ஆனால் வெற்றி விருந்து, தலைவாழை இலையில்தான் நடக்க வேண்டும். தைத்த இலை அபசகுனம்."

"அப்படியே ஆகட்டும். விடங்கா, கேட்டுக்கொள். இந்தப் போருக்குப் போன ஒருவருக்குக்கூட இலை இல்லாமல் போகக் கூடாது. ஓர் இலை குறைந்தாலும் உன் தலை போகும்."

"குறையாவிட்டால், மன்னா?"

மழவராயர் முந்திக்கொண்டார். "குறையாவிட்டால் உன் திறமை படைக்குத் தேவை. இந்த முறை உன் வீட்டில் வேறு ஆள் இல்லை. நீயே வா."

"வருகிறேன் சேனாதிபதி. என்னை முன்னால் நிறுத்துங்கள். எதிரி சிரித்தே விழுந்துவிடுவான், உங்களுக்கு வேலை மிச்சம்" என்றான் விடங்கன். அவை சிரித்தது. அரசரும் சிரித்தார். கட்டளை மட்டும் மாறவில்லை.

மறுநாள் இலை தேடிப் புறப்பட்டபோதுதான் மழவராயர் வைத்த பொறி விளங்கியது. இலை அறுக்க அந்த நாட்டில் ஒரு வாழைகூட நிற்கவில்லை. போருக்குப் போகும்போது அரசரின் யானைகளே பாதித் தோப்பைத் தின்றிருந்தன. ஜெயித்துத் திரும்பும்போது மீதியைத் தின்றுவிட்டன.

விடங்கன் ஆற்றங்கரைக்குப் போய் ஓடம் ஏறினான். தோற்ற நாட்டில் கண்ணுக்கு எட்டிய வரை வாழை. தோற்று ஓடிய அந்த நாட்டு யானைகள் ஊர்ப்பக்கமே வரவில்லையாம். தோப்பில் நாச்சி என்ற பெண் தனியாகத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எனக்கு எண்ணூறு இலை வேணும்."

அவள் மண்வெட்டியை நிறுத்தாமல் கேட்டாள். "அக்கரையா?"

"ஆமா."

"ஜெயிச்சவங்க ஊர்ல இலை இல்லையா?"

"யானை தின்னுடுச்சு."

"யாரு யானை?"

"எங்க யானைதான்."

நாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "விருந்து யாருக்கு?"

விடங்கன் அரசர் சொன்னதைச் சொன்ன சொல்லிலேயே சொன்னான். இந்தப் போருக்குப் போன ஒருவருக்குக்கூட இலை இல்லாமல் போகக் கூடாது.

"எங்க வீட்டுக்காரரும் அந்தப் போருக்குத்தானே போனாரு?"

விடங்கன் தலையசைத்து, "ஆமாம்மா. அதே போருக்குத்தான்" என்றான்.

"இந்தக் கரையிலேருந்து அறுநூறு பேரு போனாங்க. திரும்பி வந்தவங்க உங்க ராஜா பந்திக்கு வரமாட்டாங்க. வராட்டியும் இலை போடணும். போடுறதுன்னா அறுத்துக்கோ. எனக்கு ஒண்ணும் தர வேணாம்."

ஆயிரத்து நானூறு இலைகள் ஓடம் ஓடமாக ஆற்றைக் கடந்தன.

அந்த நாட்டு அரச பந்திக்குப் பழைய சட்டம் ஒன்று உண்டு. கடைசி இலைக்காரர் உண்டு முடிக்கும் வரை யாரும் எழக் கூடாது. நடுவில் எழுந்தவர் எவராக இருந்தாலும் அந்தப் பந்தியின் இலைகள் அத்தனையையும் அவரே எடுக்க வேண்டும். வில்லவராயருக்கு இந்தச் சட்டத்தில் பெரும் பெருமை. ஒருமுறை வயிற்றுக் கடுப்போடு வந்த அயல்நாட்டுத் தூதர், பல்லில்லாத புலவர் ஒருவர் சீடை மென்று முடிக்கும் வரை வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார். அரசர் அந்தக் கதையைச் சொல்லாத விருந்தே கிடையாது.

விருந்தன்று நண்பகல், அரண்மனை முற்றத்தில் வரிசை வரிசையாக இலைகள் விரிந்தன. அரசரும் மழவராயரும் தலைப்பந்தியில் அமர்ந்தார்கள். திரும்பி வந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். பரிசாரகர்கள் ஓர் இலை விடாமல் ஆயிரத்து நானூறிலும் சோறு, பருப்பு, கறி, அப்பளம் என்று பரிமாறினார்கள். ஆள் இல்லாத இலைகளைப் பார்த்த அரசர், தாமதமாக வருவார்கள்போலும் என்று நினைத்தார். அவருக்குப் பசி.

பாயசம் முடிந்தது. மோரும் முடிந்தது. அரசர் ஏப்பம் விட்டு, கையை ஊன்றி எழப் போனார்.

"மன்னா, பந்தி இன்னும் முடியவில்லை" என்றான் விடங்கன்.

அரசர் மறுபடி உட்கார்ந்தார். "யார் உண்ணவில்லை?"

"மூன்றாம் வரிசையில் நான்காம் இலை. கொல்லர் தெரு மாடன். அவன் எப்போதும் கொஞ்சம் மெதுவாகத்தான் சாப்பிடுவான். பக்கத்தில் அவன் மச்சினன் ஏகன். அதற்கடுத்த நான்கும் ஓடக்காரர் வீட்டுப் பிள்ளைகள்."

"அவர்கள் எங்கே?"

"தாங்கள்தான் அனுப்பி வைத்தீர்கள், மன்னா. எனக்கு எப்படித் தெரியும்? நான் இலை மட்டும்தான் போட்டேன்."

அரசரின் பார்வை வரிசைகள் மேல் நகர்ந்து ஓர் இலையில் நின்றது.

"ஏழாம் வரிசையில் முதல் இலை யாருடையது?" என்று அரசர் கேட்டார். அதன் எதிரே மட்டும் ஒரு செம்பில் தண்ணீர் வைத்திருந்தது.

"கூத்தன். என் தம்பி."

மழவராயர் சீறினார். "செத்தவர்களுக்கு இலை போட்டு மன்னரை அவமதிக்கிறான்."

"கட்டளையில் செத்தவர்கள் நீங்கலாக என்று இல்லையே, சேனாதிபதி. போருக்குப் போன ஒருவருக்குக்கூட என்றுதானே இருந்தது? போகும்போது எல்லோரும் உயிரோடுதான் போனார்கள். நானே பார்த்தேன்."

"எண்ணூறு பேருக்கு இத்தனை இலையா? மீதி இலைகள் யாருக்கு?"

"அக்கரையிலிருந்து போனவர்களுக்கு. அவர்களும் இதே போருக்குத்தான் போனார்கள். அவர்கள் இல்லாவிட்டால் நீங்கள் அங்கே யாரோடு சண்டை போட்டிருப்பீர்கள்?"

"மன்னா, பகைவனுக்கு இங்கே சோறு. இதைவிடத் துரோகம் உண்டா?"

அரசரின் முகம் சிவந்தது. "விடங்கா, எவை நம் இலைகள், எவை அவர்கள் இலைகள்?"

"இலை போட்ட அவசரத்தில் மற்ற வரிசைகள் கலந்துவிட்டன, மன்னா. ஆனால் பார்த்தவுடன் தெரிந்துவிடும் அல்லவா, ஜெயித்தவன் இலை எது, தோற்றவன் இலை எது என்று? போரை நடத்தியவர் இங்கேயே இருக்கிறாரே."

மழவராயர் விருட்டென்று எழுந்தார். வரிசைகளுக்கு நடுவே நடந்தார். குனிந்து பார்த்தார். எல்லா இலையிலும் அதே சோறு, மேலே பருப்பு உறைந்திருந்தது, அப்பளம் நமத்திருந்தது. ஒரு வரிசையின் முனையில் நின்று, "இதோ, இது பகைவன் இலை" என்று காலால் தள்ளப் போனார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீரனுக்கு வலக்கை இல்லை. இடக்கையால் உண்டு முடித்திருந்தான். அந்தக் கையை இலைக்குக் குறுக்கே நீட்டினான்.

"ஐயா, காலை எடுங்க. இது எங்க அண்ணன் இலை."

மழவராயர் அப்படியே நின்றார். பிறகு வேறு இலையைக் காட்டவில்லை.

நிழல் தலைப்பந்தியைத் தாண்டியது. அரசரின் உண்ட கை காய்ந்து விரல்கள் ஒட்டிக்கொண்டன. கால் மரத்தது. கை கழுவினால்தான் தாம்பூலம். எழுந்தால்தான் கை கழுவ முடியும். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இன்னும் ஒரு கவளமும் எடுக்கவில்லை. தாம்பூலம் கைமாறியதும் அறைவதற்காக முற்றத்து ஓரத்தில் முரசறைபவன் கோலை ஓங்கியபடி நின்று களைத்து, முரசின் மேலேயே சாய்ந்துவிட்டான்.

கடைசியில் அரசர் தாழ்ந்த குரலில் கேட்டார். "விடங்கா, நாம் ஜெயித்தோமா இல்லையா?"

"எனக்குத் தெரியவில்லை, மன்னா. நம் விருந்துக்கு அவர்களிடம்தான் இலை வாங்கி வந்தேன். ஜெயித்த அரசர் பந்தியைவிட்டு எழ முடியாமல் இருக்கிறார். தோற்ற அரசர் இந்நேரம் உண்டு உறங்கியிருப்பார்."

அரசரின் உதடு துடித்தது. கோபமா சிரிப்பா என்று யாருக்கும் புரியவில்லை.

"இந்தப் பந்தி முடிய வழி இருக்கிறதா?"

"சட்டத்தில் ஒரு வழி உண்டு. உண்ண முடியாதவர் பங்கை அவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தால், அந்த இலை முடிந்தது. போன வருடம் காய்ச்சலில் கிடந்த தங்கள் மைத்துனருக்கு அப்படித்தான் செய்தோம்."

"யார் கொண்டுபோவது?"

"நடுவில் எழுந்தவர்தான் இலைகளை எடுக்க வேண்டும், மன்னா."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பெரிய பந்தியில், வரிசைகளுக்கு நடுவே, எச்சில் கையோடு நின்றுகொண்டிருந்தவர் மழவராயர் ஒருவர்தான். தாம் எழுந்ததே அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சட்டென்று இருந்த இடத்திலேயே உட்கார்ந்தார். உட்கார்ந்தது ஒரு பாயசக் குண்டானில்.

முதலில் வலக்கை இல்லாத வீரன் சிரித்தான். பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்புப் பரவி அரசரிடம் வந்தது. மரத்த காலைத் தேய்த்துக்கொண்டே கண்ணில் நீர் வர அவர் சிரித்தார். அது அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடங்கியபின் அவர் முகம் வேறாக இருந்தது.

"இறந்தவர் வீடுகளுக்குச் சாவுச் செய்தி ஓலைகளை இங்கே உட்கார்ந்தே எழுதினோம், மழவராயரே. ஒரு வீட்டுக்குக்கூட நாம் நேரில் போகவில்லை. போய்க் கொடுத்துவிட்டு வாரும்" என்றார். பிறகு விடங்கனிடம், "உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றார்.

"தாம்பூலம், மன்னா."

"பைத்தியமா உனக்கு? அதை மென்றவன் படை நடத்த வேண்டும்."

"நடத்துகிறேன். எந்தப் பக்கம் என்று சட்டத்தில் இல்லை."

அரசர் மறுபடி சிரித்தார். பந்தி முடியாததால் வலக்கையைக் கழுவ முடியாது; இடக்கையால் தாம்பூலம் கொடுப்பது வழக்கமில்லை. ஆகவே வெள்ளித் தட்டோடு நகர்த்தி வைத்தார். விடங்கன் வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் போட்டு, எல்லோரும் பார்க்க நிதானமாக மென்றான். மேற்குக் கோட்டைப் படையெடுப்பு அத்தோடு தீர்ந்தது. தட்டையும் அவனே வைத்துக்கொள்ளலாம் என்றார் அரசர்.

அன்று பிற்பகல் விடங்கன் முன்னால் நடந்தான். அவனுக்குப் பின்னால், தாங்களும் இலை எடுப்பதாக எழுந்துவிட்ட முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும், வேலுக்குப் பதில் ஆளுக்கு மூன்று நான்கு சோற்றுப் பொதிகள் சுமந்து வந்தார்கள். இக்கரைத் தெருக்களில் ஒவ்வொரு வாசலிலும் மழவராயரே பொதியை வாங்கிக் கொடுத்தார். முதல் சில வீடுகளில் படைமொழியில் ஏதோ சொன்னார். பத்தாவது வீட்டுக்குப் பிறகு பெயரை மட்டும் கேட்டுக் கொடுத்தார். விடங்கன் வீட்டில் பூவாய் பொதியை வாங்கிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்து, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். அவர் குடித்தார்.

பிறகு எல்லோரும் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். அக்கரையில் நாச்சியும் இன்னும் பல பேரும் வந்து நிற்பது தெரிந்தது. மழவராயர் ஓடத்தில் கால் வைக்கும்போது ஓடக்காரன் கூலி நெல் வாங்கும் கூடையை நீட்டினான்.

"நாங்கள் ஜெயித்த நாடு, அப்பா" என்றார் அவர். முன்பிருந்த மிடுக்கு அந்தக் குரலில் இல்லை.

"இருக்கட்டுங்க ஐயா. ஏறுறவங்க ஆளுக்கு ஒரு பிடி" என்றான் ஓடக்காரன்.

போருக்கு முன்பும் அந்த ஆற்றைக் கடக்க ஆளுக்கு ஒரு பிடி நெல்தான். அன்றைக்கும் அதுதான்.