ஏழு புளியங்கொட்டை

அய்யாறு புறங்கையை நீட்டிக் காட்டினான். நாலு பல் பதிந்திருந்தது.

"கடிச்சிட்டாம்மா."

"யாரு?" என்றார் குரு. மலையடிவாரத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துகிற வேதவல்லி அம்மா. அவரிடம் வேலை பழக வந்தவன் அய்யாறு. ஆறு மாதமாகிறது.

"துர்காதான். ஏழு புளியங்கொட்டை குடுத்து ரெண்டாப் பிரின்னேன். கையை வச்சு மூடிக்கிட்டா. மூணு நாலு வேண்டாம், அஞ்சு ரெண்டு வையின்னேன். சரி, ஆறு ஒண்ணுக்காவது வான்னேன்."

"பேரம் படியல."

"சிரிக்காதீங்கம்மா. விரலைப் பிரிச்சேன், கடிச்சிட்டா. நாலு மணிக்கு அவங்க அம்மா வருவாங்க. இன்னைக்கும் கணக்கு வரலேன்னா செங்கல் சூளைக்குக் கூட்டிட்டுப் போயிடுறேன்னு சொல்லிட்டாங்க. இப்ப மணி மூணே முக்கால்."

"பிள்ளைகிட்ட என்னன்னு சொன்ன?"

"ஏழை ரெண்டா உடைன்னு சொன்னேன்."

குரு வகுப்புக்கு நடந்தார். அய்யாறு கடிகாரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடினான்.

துர்கா இன்னும் கையை எடுக்கவில்லை. குரு எதிரே தரையில் உட்கார்ந்தார். கொட்டையைப் பார்க்கவே இல்லை.

"உங்க ரேஷன் கார்டுல எத்தனை பேரு?"

"ஏழு."

"வீட்டுல?"

துர்கா உதட்டைக் கடித்தாள்.

அய்யாறு குனிந்தான். "அம்மா, மணி..."

"சும்மா இரு."

"மூணு," என்றாள் துர்கா. "பெரியப்பா வீட்டு ஆளுங்க சண்டை போட்டுட்டு திருப்பூர் போயிட்டாங்க."

"அங்க எத்தனை?"

"நாலு."

"அப்ப கார்டுல?"

"ஏழுதான்." துர்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரு பேரையும் அடிக்கலையே!"

கோபத்தில் கை விலகியது. அவளே மூன்றை இந்தப் பக்கம் வைத்தாள். நாலை அந்தப் பக்கம் தள்ளினாள். அவசரமாக எல்லாவற்றையும் எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"பொங்கலுக்குப் பெரியப்பாவும் பெரிய அண்ணனும் வந்தா?" என்றார் குரு.

இரண்டு கொட்டை இந்தப் பக்கம் வந்தது. "இங்க அஞ்சு. அங்க ரெண்டு."

வாசலில் செருப்புச் சத்தம். அவளுடைய அம்மா செல்லக்கிளி. முழங்கை வரை செம்மண்.

"என்ன வாத்தியாரே, வந்துச்சா இல்லையா?"

அய்யாறு துர்காவைப் பார்த்தான். துர்காதான் சொன்னாள்:

"அஞ்சும் ரெண்டும் ஏழு. மூணும் நாலும் ஏழு."

செல்லக்கிளி கொட்டையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

"சரி, நாளைக்கும் வரட்டும்." பிறகு குருவிடம் திரும்பினாள். "அம்மா, கார்டைத் தனியாப் பிரிக்க மனு எழுதித் தரக் கேட்டேனே?"

"எழுதி வச்சிருக்கேன். எடுத்துக்க."

செல்லக்கிளி மேசையிலிருந்த மனுவை எடுத்து மடித்து இடுப்பில் செருகினாள்.

அய்யாறு குருவின் காதருகே போனான்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? கார்டும் பிரிஞ்சிட்டா இந்தப் பிள்ளை என்ன பண்ணும்?"

குரு தரையில் கிடந்த ஏழு கொட்டைகளையும் ஒன்றுவிடாமல் பொறுக்கி, துர்காவின் பைக்குள் போட்டு அதன் வாயைக் கட்டினார்.

"எண்ணிப் பாத்துக்குவா."