கொட்டாவியே விடாத கூட்டம்

நாகர்கோவிலில் தீவிர சிகிச்சை நர்ஸுகளின் சங்கக் கிளைக்கு ஜெபசெல்விதான் செயலாளர். மாதம் ஒரு மணி நேரம் பயிற்சி வகுப்பு நடத்த, தன் ஆஸ்பத்திரி டைரக்டர் தாணுலிங்கத்திடம் போய் அனுமதி கேட்டாள்.

"தாராளமா நடத்துங்க சிஸ்டர். தொடக்க உரை நான்தான். ஹால்ல போட்டிருக்கற பத்து நாற்காலியும் நிரம்பியிருக்கணும். ஆனா ஐசியூவை விட்டு ஒரு நர்ஸும் நகரக்கூடாது!"

"அப்படியே ஆகட்டும் சார்."

வகுப்பு நாளன்று டைரக்டர் தாளிலிருந்து தலை தூக்காமல் முக்கால் மணி நேரம் வாசித்தார். ஒரு இருமல் இல்லை, ஒரு கொட்டாவி இல்லை. "இதல்லவா கட்டுப்பாடு!" என்று பூரித்துப்போய் இறங்கி வந்து, முதல் நாற்காலிக்காரரின் தோளைத் தட்டினார். தொப்பியும் மாஸ்க்கும் கழன்று விழுந்தன. பார்த்தால், நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கப் பழகும் ரப்பர் பொம்மை! பத்தும் பொம்மை.

"நாற்காலியும் நிரம்பியாச்சு, ஐசியூவிலும் ஆள் குறையலை சார்," என்றாள் ஜெபசெல்வி.

டைரக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "தோத்தேன் சிஸ்டர்! அடுத்த மாசம் முறை வச்சு ஆள் அனுப்புறேன். உயிரோட இருக்கறவங்களை உட்கார வைங்க."

"பேச்சைக் கொஞ்சம் சுருக்கிக்கிட்டீங்கன்னா, கடைசி வரைக்கும் உயிரோட இருப்பாங்க சார்."