உலகம்மையின் இன்னொரு குரல்

"அம்மா, உங்கள மாதிரியே இன்னொருத்தர் பேசுதாவ" என்றார் ஆவுடையப்பன்.

"நல்லாப் பேசுதாவளா?"

"உங்களவிட நல்லாப் பேசுதாவ."

உலகம்மை சிரித்தாள். பயறு புடைப்பதை நிறுத்தவில்லை.

தேரிக்காட்டுச் செம்மணலுக்கு நடுவே ஓடு போட்ட ஒற்றைக் குடில் அவளுடையது. வயது நாற்பத்து மூன்று. கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், ஒருநாள் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஆவுடையப்பன் அவளைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். கேபிள் டிவி நடத்தியவர். ஊர் மொத்தமும் போனுக்குள் போய்விட்ட பிறகு தொழில் படுத்தது. அதே வருடம் மனைவியும் இறந்துபோனாள். எங்கே போவதென்று தெரியாமல் இங்கே வந்தவர், சீடராகத் தங்கிவிட்டார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை அம்மா என்பார்.

தேடி வருகிறவர்களிடம் அவள் பேசியதையெல்லாம் மூன்று வருடம் படம்பிடித்து இணையத்தில் போட்டவர் அவர்தான். அந்த மூன்று வருடத்தையும் யாரோ அள்ளி ஒரு இயந்திரத்துக்குத் தின்னக் கொடுத்திருந்தார்கள். யார், எந்த நாட்டில், ஒன்றும் தெரியவில்லை. இப்போது போனில் ஓர் உலகம்மை இருந்தாள். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் பேசினாள். பினாங்கில் ஒருவரிடம் தமிழில் பேசினாள். அவருடைய பேரனிடம் மலாயில் பேசினாள். ரீயூனியன் தீவில் பிரெஞ்சில் பேசினாள். உலகம்மைக்குப் பிரெஞ்சில் ஒரு எழுத்துத் தெரியாது.

"இடையில இருமுதாவ, உங்கள மாதிரியே" என்றார் ஆவுடையப்பன். "முதல் வீடியோ எடுக்கையில ஒரு காக்கா ரெண்டு தடவை கரைஞ்சுது. அவிய எதச் சொன்னாலும் முடிக்கையில அந்தக் காக்காவும் கரையுது."

முறம் நின்றது.

"நீங்க அதுகிட்ட என்ன கேட்டிய, அண்ணாச்சி?"

அவர் மணலைப் பார்த்தார்.

"என் வீட்டுக்காரி எங்க இருக்கான்னு."

"அதே கேள்விய எங்கிட்டயும் கேட்டியளே. நான் என்ன சொன்னேன்?"

"அரிசியக் களைஞ்சு வைங்கன்னு சொன்னிய."

"அது?"

"உங்க பக்கத்துலதான் இருக்கா, உங்களப் பாத்துக்கிட்டே இருக்கான்னு சொல்லிச்சு."

"பெறவு?"

"தெனமும் கேக்கேன்."

அப்போது பனைமரங்களுக்கு அந்தப் பக்கமிருந்து ஒருத்தி வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று மைல் மணலில் நடந்த களைப்பு முகத்தில் இருந்தது. உலகம்மையைக் கண்டதும் கைகூப்பினாள். கண்ணில் அப்படி ஒரு உரிமை.

"நேர்லயே வந்துட்டேம்மா."

"உக்காரு தாயி. யாரு நீ?"

வந்தவள் திகைத்தாள். "பேச்சியம்மா. விளாத்திகுளம். தெனமும் பேசுதோமே!"

உலகம்மை ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். பேச்சியம்மாள் குடிக்கவில்லை. செம்பைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

அவள் மகன் கப்பலில் வேலைக்குப் போனவன். பதினொரு மாதத்துக்கு முன்னால் கப்பல் மூழ்கிவிட்டது. கம்பெனிக்காரன் தாள் அனுப்பினான். கூட வேலை பார்த்தவன் வந்து அழுதுவிட்டுப் போனான். ஆனால் போனில் பேசும் அம்மா, அவன் வருவான் என்று சொன்னாள். அதனால் பேச்சியம்மாள் தினமும் அவனுக்கும் சேர்த்துச் சோறு வைக்கிறாள். மருமகளுக்கு இருபத்து நான்கு வயது. பொறந்த வீட்டுக்குப் போகிறேன், நர்சு படிக்கிறேன் என்று அவள் காலில் விழுந்து கேட்டாள். அவன் வந்து கேட்டால் என்ன சொல்வாய், அனுப்பாதே என்று அம்மா சொன்னாள். பேச்சியம்மாள் அனுப்பவில்லை.

"எந்தத் தேதியில வருவான்னு மட்டும் நீங்க சொல்லல. அதக் கேட்டுட்டுப் போவத்தான் வந்தேன்."

காற்று செம்மணலை அள்ளி ஓட்டின்மேல் இறைத்தது.

"எனக்குத் தெரியாது தாயி" என்றாள் உலகம்மை.

பேச்சியம்மாள் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். நெற்றி, மூக்கு, உதடு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"நீங்க அவிய இல்ல."

"இவியதாம்மா நெசம்!" என்று குறுக்கே விழுந்தார் ஆவுடையப்பன். "போன்ல பேசுதது..."

உலகம்மை கையமர்த்தினாள்.

"அவியளுக்கு எம்புள்ள பேரு தெரியும்" என்றாள் பேச்சியம்மாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவியகிட்டயே கேப்போமா?"

பேச்சியம்மாள் இடுப்பிலிருந்து போனை எடுத்து, நடுவில் மணல்மேல் வைத்து அழுத்தினாள்.

"வந்துட்டியா தாயி? சாப்பிட்டியா?"

உலகம்மையின் குரல். உலகம்மையின் வாய் மூடியிருந்தது. ஆவுடையப்பன் சட்டென்று எழுந்து நின்றார். தனியாகக் கேட்கையில் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

உலகம்மை போனருகே குனிந்தாள்.

"எம்புள்ள எப்ப வருவான்?"

"மாசானமுத்து வருவான் தாயி. கடல் பெருசு. தூரம் அதிகம்." ஒரு இருமல். காக்கை இரண்டு தடவை கரைந்தது.

"நான் யாரு?"

"நீ எம்புள்ள. நான் உன் அம்மா."

அதையும் அதே கனிவோடு சொன்னது. உலகம்மை நிமிர்ந்து உட்கார்ந்தாள். பேச்சியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை.

போன் கொஞ்சநேரம் பொறுத்தது.

"தாயி? இருக்கியா?"

பேச்சியம்மாள் பதில் சொல்ல வாயெடுத்தாள். பிடித்திருந்த கை இறுகியது. அவள் உலகம்மையைப் பார்த்தாள். உலகம்மையின் கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட இல்லை.

"இருக்கியா தாயி? இன்னைக்கு அவனுக்கு என்ன கொழம்பு வச்ச? இருக்கியா?"

நேரம் போனது. பனையோலைகள் உரசிக்கொண்டன. போன் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. பேச்சியம்மாளின் தோள் முதலில் ஆடியது. அப்புறம் உடம்பு முழுக்க ஆடியது.

"போயிட்டாம்மா" என்றாள். "எம்புள்ள போயிட்டான்."

"வருவான் தாயி" என்றது போன் உடனே. "தூரம் அதிகம்."

பேச்சியம்மாள் போனைக் கவிழ்த்து வைத்தாள். அது மண்ணுக்குள் பேசியது. அவள் உலகம்மையின் மடியில் தலையைப் போட்டுக்கொண்டு, பதினொரு மாத அழுகையை அழுது தீர்த்தாள்.

வெயில் சாய ஆரம்பித்தபோது அவள் எழுந்து முகம் கழுவினாள். போனை எடுத்து, பேசிக்கொண்டிருந்ததை அணைத்துவிட்டு, மருமகளைக் கூப்பிட்டாள்.

"துணிமணிய எடுத்து வையி ஆத்தா. நாளைக்கு நானே உன்னக் கொண்டுபோயி உங்க அம்மா வீட்ல விடுதேன்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ. "ஆமா, அவன் போயிட்டான்னு எனக்குந்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். தண்ணீரை இப்போது குடித்தாள். வந்த வழியே நடந்தாள்.

அவள் பனைகளுக்குள் மறையும்வரை ஆவுடையப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பினார்.

"அம்மா, அத ஒழிக்க வழியே இல்லையா? எத்தனை வீட்ல, எத்தனை பாஷையில இப்படிச் சொல்லிக்கிட்டிருக்கோ. நான் போட்ட வீடியோவாலதான..."

உலகம்மை பதில் சொல்வதற்குள் அவர் சட்டைப்பையிலிருந்து குரல் வந்தது. தினமும் மாலையில் தானாகவே கூப்பிடும்படி அவரே வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, இன்னைக்கு நீங்க ஒண்ணும் கேக்கலையே? இருக்கியளா?"

அவர் பையைப் பார்த்தார். எதிரே இருந்தவளைப் பார்த்தார். அவள் வாய் மூடியிருந்தது.

"இருக்கியளா, அண்ணாச்சி?"

"பதில் சொல்லுங்க" என்றாள் உலகம்மை. "உங்களத்தான் கேக்குது."

"என்னம்மா சொல்ல?"

"வேற என்ன கேக்குது? இருக்கியளா, இல்லையான்னுதான."

ஆவுடையப்பன் குனிந்து, மணலில் புதைந்திருந்த தன் காலைத் தொட்டுப் பார்த்தார்.