மாஸ்டருக்கு வந்த சர்க்கரையை மூவர் பங்கு போட்ட கதை

நம்புகிறவர்கள் நம்புங்கள், மற்றவர்கள் சும்மா கேட்டு வையுங்கள். திருவையாற்றுப் பக்கம் வைத்திலிங்கம் மாஸ்டர் என்று ஒரு கல்யாணச் சமையல்காரர். அவரிடம் உப்பிலி, பஞ்சாமி, செங்குட்டுவன் என்று மூன்று ஆட்கள். அந்தக் கோஷ்டியில் ஆளுக்கொரு வேலை. ஒருத்தன் வேலையை இன்னொருத்தன் தொட மாட்டான். ஒரு வளைகாப்பில் உப்புப் போடுகிற பஞ்சாமி காய்ச்சலில் படுத்துவிட, சாம்பாரை உப்பில்லாமலே பரிமாறிவிட்டார்கள். காய்ச்சல் விட்டதும் அவன் வீடு வீடாகப் போய், சாப்பிட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சிட்டிகை உப்பு கொடுத்துவிட்டு வந்தான். வேலையில் அப்படி ஒரு நாணயம்.

அந்த மாஸ்டருக்குச் சர்க்கரை வந்துவிட்டது.

"தினம் காலையில நடங்க. பாகற்காய் சேர்த்துக்கங்க. மாத்திரையை விடாதீங்க. அடுத்த மாசம் வெறும் வயித்துல வந்து ரத்தம் குடுங்க" என்றார் டாக்டரம்மா.

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "அடுத்த மாசம் என் பொண்ணு கல்யாணம்மா. அசோகா அல்வா நானே கிண்டப் போறேன். ஒரு கரண்டியாவது வாயில வைக்கலாமா?"

"சர்க்கரை இறங்கியிருந்தா வைக்கலாம். இல்லேன்னா தொடவே கூடாது."

வீட்டுக்கு வந்ததும் மூவரும் கூடிப் பேசினார்கள்.

"பாவம், மாஸ்டர் ஒண்டியா எத்தனை வேலைதான் பார்ப்பாரு?" என்றான் உப்பிலி.

"ஊர் கூடினாத்தானே தேர் நகரும்?" என்றான் பஞ்சாமி. "பங்கு போட்டுக்குவோம்."

பந்தியில் பரிமாறி நடந்து பழகியவன் என்பதால் நடை செங்குட்டுவனுக்கு. பாகற்காய் பஞ்சாமிக்கு. வெறும் வயிறு உப்பிலிக்கு. மருந்துச் சீட்டில் அவர் பெயர் எழுதியிருந்ததால் மாத்திரையை மட்டும் மாஸ்டரே விழுங்கினார்.

"அப்ப எனக்கு வேற வேலையே இல்லையாடா?" என்று மாஸ்டர் கூச்சப்பட்டார்.

"மேற்பார்வை, மாஸ்டர்."

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்த்தார். வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? பக்கத்தில் ஒரு தட்டு ஜாங்கிரி வைத்துக்கொண்டார்.

காலையில் கிளம்பிய செங்குட்டுவன் மத்தியானம் சுவாமிமலையில் இருந்தான். திரும்பி வரும்படி டாக்டரம்மா சொல்லவில்லையே. பஸ்ஸில் உட்கார்ந்து வந்தால் நடந்ததெல்லாம் கழிந்துவிடுமோ என்று பயம் வந்து, பஸ்ஸுக்குள்ளேயே முன்னும் பின்னுமாக நடந்துகொண்டு வந்தான். டிக்கெட் கொடுக்கக் கண்டக்டரும் பின்னாலேயே நடந்தார். அந்த மனுஷனுக்குச் சர்க்கரை இருந்திருந்தால் அன்றைக்கே இறங்கியிருக்கும்.

உப்பிலி வெறும் வயிற்றோடு இருந்து இருந்து உச்சி வேளையில் மயங்கி விழுந்தான். "நல்லா வேலை செய்யுது" என்று மற்ற இருவருக்கும் ஒரே சந்தோஷம். பஞ்சாமியோ பாகற்காய் தின்று தின்று, பச்சைத் தண்ணீர்கூடக் கசக்கிறது என்றான்.

மாதம் முடிந்தது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் "வைத்திலிங்கம்" என்று கூப்பிட்டதும் மூன்று கைகள் நீண்டன.

"இதுல நோயாளி யாரு?" என்று கேட்டாள் ஊசி போடும் பெண்.

"அவரு வரலம்மா. அவருக்கு உடம்பு சரியில்ல" என்றான் உப்பிலி. "வெறும் வயிறு என்னுது. என் ரத்தத்தை எடுங்க."

"நடந்தது யாருடா?" என்றான் செங்குட்டுவன்.

"அப்ப கசப்புத் தின்னவன் மனுஷன் இல்லையா?" பஞ்சாமி கொஞ்சம் யோசித்தான். "எதுக்குச் சண்டை? மூணு பேருகிட்டயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கலக்கிக்கட்டும்."

அந்தப் பெண் மூவரையும் வெளியே விரட்டிவிட்டு மாஸ்டரை அழைத்து வரச் சொன்னாள். வந்தார். சர்க்கரை முன்னைவிட எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

டாக்டரம்மா விவரம் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயா, இனிமே நடக்கிறது, தின்கிறது எல்லாம் நீங்களே செய்யணும். கல்யாணத்துல அசோகாவைத் தொடக் கூடாது."

கல்யாணமும் வந்தது. மாஸ்டர் தன் கையாலேயே கிண்டினார். நெய் மிதந்தது, நிறம் ஏறியது, மண்டபமே மணத்தது. பெற்ற மகள் கல்யாண இனிப்பை ஒரு வாய் ருசி பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதார்.

ஆட்கள் மூவருக்கும் தாங்கவில்லை. ஓரமாகப் போய்ப் பேசினார்கள். திரும்பி வந்து மாஸ்டருக்கு முன்னால் ஓர் இலையைப் போட்டு, அதில் அசோகாவைக் குவித்தார்கள்.

"எனக்கு ஆகாதுடா."

"நீங்க எதுக்கு மாஸ்டர் சிரமப்படறீங்க? நாங்க இல்ல?" என்று சொல்லி, மூவரும் இலையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள்.

மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவர் வாயாகப் பார்த்தார். முதலில் நாக்கைச் சப்புக் கொட்டினார். பிறகு முகம் மெல்ல மலர்ந்தது. இலை காலியானதும் செங்குட்டுவன் இன்னொரு கரண்டி கொண்டு வந்தான்.

மாஸ்டர் இரண்டு கையாலும் இலையை மறைத்துக்கொண்டார்.

"போதும்டா, திகட்டுது."